பழனிவேலின் சட்டைகள்

கீழப்பழுவூர்,
12-2-1944

அன்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அண்ணன் சுகத்துக்கும் ஒரு வரி போடக்கூடாதா? தைக்கு அத்தை வருவாள், கரும்பு கொண்டுவருவாள் என்று பாப்பாவிடம் சொல்லிச் சொல்லி, தையும் போய்விட்டது. இப்போது அவள் என்னைத்தான் பொய்க்காரி என்கிறாள்.

உங்கள் தம்பி பாப்பாவைக் கைக்குழந்தையாக விட்டுப் பட்டாளத்துக்குப் போனவர்தான், அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. பட்டாளத்து ஆபீசுக்கு மறுபடி மனுப் போட்டேன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை என்ற அதே பதில்தான். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

வேறு சேதி ஒன்று இருக்கிறது, சிரிக்காதீர்கள். நான் போர்வை தைக்கக் கற்றுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்கு மரிய புஷ்பம் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் குடிவந்திருக்கிறாள். வரதராஜன்பேட்டைக்காரி, என் வயதுதான். கன்னியாஸ்திரீகளிடம் கைவேலை படித்தவள். கிழிந்த புடவை, தலையணை உறை எதையும் விடமாட்டாள். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, உள்ளே பழம்புடவையை மடித்து வைத்து, மெத்தென்று ஒரு போர்வை ஆக்கிவிடுகிறாள். நான் முதல்நாள் தைத்த லட்சணத்தைக் கேளுங்கள். மடியில் வைத்துக் குனிந்த தலை நிமிராமல் தைத்துவிட்டு எழுந்தால், தைத்தது முழுவதும் என் புடவையோடு சேர்ந்து வருகிறது. "அம்மாவுக்கு வாலு மொளச்சிருச்சு" என்று பாப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

கண்ட்ரோல் கடையில் துணிக்கு நிற்கிற கூட்டத்தில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. அங்கே கந்தல் இருந்தால் அனுப்புங்கள். எதுவானாலும் சரி.

தங்கள் அன்புள்ள,
அம்சவள்ளி


பெரம்பலூர்,
25-2-1944

அன்புள்ள அம்சாவுக்கு,

ஜெகதாம்பாள் ஆசீர்வாதம். உன் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, எனக்கு முழங்கால் வலி. பஸ்ஸைத்தான் கரியை எரித்து ஓட்டுகிறார்களே, அது மேடு வந்தால் நம்மையே இறங்கித் தள்ளச் சொல்கிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் தள்ளுவேனா? தைக்கு வராததற்கு இதுதான் காரணம். பாப்பாவிடம் சொல்லிச் சமாதானம் செய்.

வாலு முளைத்த கதையை உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். மனுஷருக்குச் சாப்பிட்ட சாப்பாடு புரையேறிவிட்டது. எனக்கும் ஆசையாக இருக்கிறதடி. எப்படி வெட்டுவது, எப்படித் தைப்பது என்று விவரமாக எழுது. சும்மா உட்கார்ந்தால் தம்பி நினைப்பு வந்து அழுகைதான் வருகிறது. கைக்கு வேலை இருந்தால் தேவலை.

கந்தல் மூட்டை அனுப்பியிருக்கிறேன். என் புடவை இரண்டு, மெத்தை உறை ஒன்று, குடைத்துணி கொஞ்சம். உன் அண்ணன் சட்டை ஒன்று கூட அதில் இருக்காது, தேடாதே. உயிரோடு இருக்கிற ஆம்பளை துணியில் நம் வீட்டில் கத்தரி வைக்க மாட்டோம் என்று உனக்குத் தெரியும். கிழிந்து நைந்து போனால் வண்ணாத்தி எடுத்துக்கொண்டு போவாள், அவ்வளவுதான். நம் கை வெட்டக்கூடாது. எங்கள் அம்மா அதில் கண்டிப்பாக இருந்தாள்.

தம்பி பழனிவேலின் டிரங்குப் பெட்டியை மாதம் ஒருமுறை வெயிலில் வைக்கிறாயா? வேப்பிலை மாற்றிப் போடு. அவன் என்றைக்கு வந்தாலும் பெட்டியைத் திறந்து உதறிக் கட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவனைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்படிக்கு,
ஜெகதாம்பாள்


கீழப்பழுவூர்,
19-3-1944

அன்பிற்குரிய அண்ணிக்கு,

மூட்டை வந்தது. குடைத்துணியைப் பார்த்து மரிய புஷ்பத்துக்கு ஒரே குஷி. கறுப்பு நடுவில் வந்தால் மற்ற நிறமெல்லாம் எடுப்பாக இருக்குமாம்.

நீங்கள் கேட்ட விவரம். ஒரு பழைய போஸ்ட்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் துணிமேல் வைத்து, கரித்துண்டால் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டின் மேலேயே வெட்டிவிடாதீர்கள். நான் அப்படித்தான் வெட்டித் தொலைத்தேன். மடித்துத் தைத்தபின் ஒன்று சின்னது, ஒன்று பெரியது, மூலைக்கு மூலை சேரவே இல்லை. கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, கோட்டோடு மடித்துத் தைக்க வேண்டும். முதலில் வரிசை வரிசையாகச் சேருங்கள், பிறகு வரிசைகளைச் சேருங்கள். கடைசியில் மேல்துணி, நடுவில் பழம்புடவை, அடித்துணி மூன்றையும் விரித்து, சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் தொப்பை விழும். இதுவும் நான் செய்து பார்த்ததுதான்.

பாப்பாவின் போர்வை முடிந்துவிட்டது. அது இல்லாமல் இப்போது அவள் தூங்குவதில்லை. மிச்சத் துண்டில் உங்களுக்கு ஒரு சட்டை போட்ட பொம்மை தைத்து, நம் பங்காளி அங்கமுத்து மாடு பிடிக்க வருகிறபோது கொடுத்தனுப்புகிறேன். மூக்கு கோணலாக இருக்கும்.

பெட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை அண்ணி. பொம்மையைப் பாருங்கள்.

தங்கள்,
அம்சவள்ளி


பெரம்பலூர்,
2-4-1944

அம்சவள்ளிக்கு,

பொம்மையைப் பார்த்தேன்.

அது போட்டிருக்கிற நீலக் கோடுகள் உள்ள சட்டையையும் பார்த்தேன். அந்தத் துணியை நான்தான் எடுத்தேன். இங்கே தையல்காரன் வாசலில் நான் உட்கார்ந்து, கழுத்துப்பட்டை அகலம் வேண்டாம் என்று சண்டை போட்டுத் தைத்து வாங்கியது. அவன் அதைப் போட்டுக்கொண்டு "எப்பிடிக்கா இருக்கு?" என்று என் முன்னால் நின்றான். எனக்கு அடையாளம் தெரியாதா?

ஒரு சட்டையா, எல்லாமுமா? நீ எழுதாவிட்டாலும் தெரிகிறது. போர்வையே முடிந்துவிட்டது என்கிறாயே.

நான் அவ்வளவு தூரம் எழுதிய பிறகுமா? அல்லது அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டாயா? பட்டாளத்துக்காரன் கூடச் செத்துவிட்டான் என்று எழுதவில்லை. தகவல் இல்லை என்றுதான் எழுதினான். நீ கத்தரிக்கோலை எடுத்துத் தகவல் சொல்லிவிட்டாய். கட்டிய பெண்டாட்டி கையால் அவனுக்கு இதுவும் நடந்துவிட்டது. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது உன் தலையில்தான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஜெகதாம்பாள்


கீழப்பழுவூர்,
10-4-1944

அண்ணி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

எல்லாமும்தான். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே வெட்டிவிட்டேன். இல்லாவிட்டால் மட்டும் வெட்டியிருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழக்கம் தெரியாமல் செய்யவில்லை. பாப்பா பேச ஆரம்பித்ததிலிருந்து, மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார், என் அப்பா எங்கே என்று கேட்கிறாள். அவள் குப்புற விழுவதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். காட்ட ஒரு போட்டோ கூட நம் வீட்டில் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு பெட்டி துணி. ஒருநாள் பெட்டியை வெயிலில் வைத்தபோது ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். இது அப்பா சட்டை, இது அப்பா மேல்துண்டு என்றேன். மறுநாள் பாப்பா அந்தப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். வெளியே எடுத்தால் அலறல். அதைப் பார்த்த பிறகுதான், இவள் படுத்துக்கொள்ள அவரை ஒரு போர்வையாகத் தைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

இது ஒரு பாதி. மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் அந்தத் துணிகளை உதறி வெயிலில் போடும்போது தெருவே என்னைப் பார்க்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நெற்றிக் குங்குமத்தைப் பார்ப்பார்கள், கொடியில் தொங்குகிற சட்டையைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். எனக்கு அது முடியவில்லை. அவர் முகமும் எனக்கு மங்கிப்போய்விட்டது. சட்டையை நினைத்தால் சட்டை வருகிறது, அதற்கு மேலே முகம் வரமாட்டேன் என்கிறது. கத்தரி வைத்தபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மனசு லேசாக இருந்தது. அதை நினைத்துத்தான் அன்றிலிருந்து அழுகிறேன்.

மறைக்க மனசில்லை, எழுதவும் தைரியமில்லை. அதனால்தான் பொம்மையை அனுப்பினேன்.

அம்சவள்ளி


கீழப்பழுவூர்,
17-1-1945

அண்ணிக்கு,

இதற்கும் பதில் வராது என்று தெரியும். பாப்பாவுக்குப் போன மாதம் மணல்வாரி அம்மை போட்டுக் குணமாகிவிட்டது. மரிய புஷ்பத்துக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. இனி தையல் தப்பானால் கேட்க ஆளில்லை. இந்தத் தையும் பாப்பா வாசலில் நின்று பார்த்தாள்.

அம்சா


பெரம்பலூர்,
8-10-1945

அம்சாவுக்கு,

தம்பி உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறானடி! உன் அண்ணன் பேருக்குக் கார்டு வந்திருக்கிறது, அவன் கையெழுத்தில். மலாயாவில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்திருக்கிறான். இப்போது ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். கப்பல் கிடைத்ததும் ஊருக்கு அனுப்புவார்களாம். "அம்சாவுக்கும் பாப்பாவுக்கும் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறான். செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன், அவன்தான் காப்பாற்றினான்.

ஒன்றரை வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இன்றைக்கு அதையெல்லாம் பேச மனசில்லை. ஆனால் ஒன்று மட்டும் நீ செய்தே ஆகவேண்டும். அந்தப் போர்வை வீட்டில் இருக்கக்கூடாது. செத்தவனுக்குச் செய்கிறதைச் செய்து வைத்திருக்கிற வீட்டில் அவன் கால் வைக்கக்கூடாது. திருமழபாடிக்குப் போ, கொள்ளிடத்தில் அதை விட்டுவிட்டு, பாப்பாவையும் முழுகவைத்து நீயும் முழுகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. விட்டுவிட்டேன் என்று எனக்குக் கார்டு போடு. அதைப் பார்த்த பிறகுதான் நான் மலையேறி வேண்டுதலைச் செலுத்துவேன்.

கண்ட்ரோல் கடையில் உன் அண்ணன் இரண்டு நாள் நின்று வேட்டி வாங்கியிருக்கிறார். அவன் வந்ததும் கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நிற்கக்கூடாது அல்லவா?

இப்படிக்கு,
ஜெகதாம்பாள்


கீழப்பழுவூர்,
20-10-1945

அன்பிற்குரிய அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி திருமழபாடிக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நிறைய. விட்டுவிட்டேன். முழுகிவிட்டு வந்தோம். நீங்கள் வேண்டுதலைச் செலுத்தலாம்.

அம்சா


கீழப்பழுவூர்,
11-1-1946

அன்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி பொங்கல் சீர் கொண்டுவருகிறார். கூடவே இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "நான் சொல்லவா, நீ எழுதுறியா?" என்று கேட்டார். நானே எழுதுகிறேன் என்றேன்.

அண்ணி, நான் போர்வையை ஆற்றில் விடவில்லை.

திருமழபாடிக்குப் போனது நிஜம். போர்வையை எடுத்துக்கொண்டு போனதும் நிஜம். படித்துறையில் இறங்கி அதைத் தண்ணீர்மேல் வைத்தேன். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, "அம்மா, அப்பா முழுவுது, அப்பா முழுவுது" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவளைப் பிடித்த கையாலேயே போர்வையையும் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். அப்படியே இரண்டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், அவள் அதை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதை உங்களுக்கு இதுவரை எழுதவில்லை. நான்தான் அப்படிப் பழக்கினேன்.

வீட்டுக்கு வந்து அதைக் காயவைத்து, பாப்பா பார்க்காதபோது நெல் குதிருக்குள் போட்டு மூடினேன். உங்களுக்கு ஒரு பொய், அவளுக்கு ஒரு பொய். வண்ணானிடம் போட்டிருக்கிறது, வெளுத்துவரும் என்று அவளிடம் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம் என்று எழுதினால் நல்லது. ஆனால் முதலில் பயம்தான் வந்தது. வந்து பெட்டியைத் திறப்பாரே என்று பயம். அதற்கப்புறம்தான் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மார்கழிப் பாதியில் அங்கமுத்து அண்ணன் அரியலூர் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். இறங்கியவரைப் பார்த்து நான் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தேன். பட்டாளத்துக் காக்கிச் சட்டை தோளில் நிற்காமல் தொங்குகிறது. கன்னத்தில் சதையே இல்லை. குரலைக் கேட்ட பிறகுதான் இவர்தான் என்று எனக்கு உறுதியாயிற்று. அண்ணி, எவ்வளவு பெரிய பாவம் பாருங்கள்.

"அப்பா வந்துட்டாரு, கும்புடு" என்று பாப்பாவை முன்னால் தள்ளினேன். "இது அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் சிரித்துக்கொண்டார். "போவப் போவப் பழகிக்கும், வுடு" என்றார்.

பொழுது சாய்ந்து அவருக்குச் சோறு போட்டேன். பாப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து என் முந்தானையைப் பிடித்து, "வண்ணாங்கிட்டேருந்து அப்பா எப்பம்மா வரும்?" என்று கேட்டாள்.

அவர் கையைச் சோற்றில் வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன கேக்குறா?"

பாப்பா அழ ஆரம்பித்தாள். அப்பா வேணும், அப்பா வேணும் என்று அவர் முன்னாலேயே தரையில் புரண்டு அழுகிறாள். அவர் அவளையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். வேறு ஒருவன் வந்துபோகிறான் என்று நினைத்துவிட்டாரோ என்று பயந்துவிட்டேன். ஓடிப்போய் நெல் குதிரின் வாயைத் திறந்து போர்வையை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டேன். நெல்தூசியோடு கிடந்தது. "ஒங்க துணிதான். நான்தான் வெட்டினேன்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஆற்றில் விடச் சொன்னதையும், நான் உங்களுக்குப் பொய்க் கார்டு போட்டதையும் சொன்னேன்.

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து போர்வையை மடியில் விரித்தார். கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டே போனார். நீலக் கோட்டுத் துண்டு வந்ததும், "இது அக்கா எடுத்துக் குடுத்தது" என்றார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "மொவம் மறந்துபோச்சின்னா அழுவுற? எனக்கு மட்டும் என்ன? அங்க கண்ண மூடுனா இந்த வூடு வரும், மாடு வரும், வாய்க்கா வரும். நீ வரவே மாட்ட அம்சா. பேரு மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு." அவர் அடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அப்படிச் சொன்ன பிறகுதான் அவர் பக்கத்தில் என்னால் உட்கார முடிந்தது.

பாப்பா அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டு வந்து போர்வையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இவர் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். பிறகு நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே அவருக்கு விரலால் தொட்டுக் காட்டினாள். "இது அப்பா கை. இது அப்பா முதுவு. இது அப்பா தலையில கட்டிக்கிறது." அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவள் போர்வையை இழுத்து மூடிப் படுத்தாள். "எனக்குங் கொஞ்சம் எடம் குடு பாப்பா, குளிருது" என்று அவர் கேட்டார்.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்பாவக் கேட்டுட்டுப் படுங்க" என்றாள்.

உங்கள் தம்பி குனிந்து அந்தப் போர்வையிடம், "படுத்துக்கட்டுமாங்க?" என்று கேட்டார். மரியாதையாகவே கேட்டார் அண்ணி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீங்கள் என் கார்டை நம்பி மலையேறியிருப்பீர்கள். அந்த முழங்காலோடு ஏறியிருப்பீர்கள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவருக்கு இனி ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னால்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன். இப்போதும் நீங்கள் சொன்னால் அதை ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்று எழுத வந்தேன். எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

தங்கள்,
அம்சவள்ளி


பெரம்பலூர்,
13-1-1946

அன்புள்ள அம்சாவுக்கு,

சீர் வந்தது. தம்பி திரும்பி வருகிறபோது அவன் கையிலேயே இதைக் கொடுக்கிறேன். உன் கடிதத்தை அவனை எதிரே உட்காரவைத்துக்கொண்டுதான் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்தை ஏன் மறைக்க வேண்டும்? பொய்க் கார்டைக் காட்டிச் சாமிக்குத் தேங்காய் உடைக்க வைத்துவிட்டாயே! முருகனிடம் நான் என்னத்தைச் சொல்ல? இதற்காக நீ ஒருமுறை என்னோடு மலையேறத்தான் வேண்டும். அதில் மாற்றம் இல்லை.

தம்பியிடம், "ஏன்டா, ஒனக்கு மனசுல ஒண்ணும் இல்லியா? ஒன் துணிய வெட்டியிருக்காளே" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "பாப்பா இப்பல்லாம் கேக்காமயே எடம் குடுக்குதுக்கா" என்றான். நான் என்ன கேட்கிறேன், அவன் என்ன சொல்கிறான் பார்.

அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், உன் அண்ணனோடு பேசிச் சிரிக்கிறான். எனக்குத்தான் நேற்றிலிருந்து தூக்கம் இல்லை. அந்தக் குழந்தை தண்ணீரில் இறங்கியது என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பிறகு எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. கொள்ளிடத்தில், ஐப்பசித் தண்ணீரில். அவள் கை வழுக்கியிருந்தால்? என் தம்பிக்கு ஆகாது என்று நான் எழுதிய எழுத்து, அவன் பெற்ற பிள்ளையைத் தண்ணீர்வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. உன் தலையில்தான் என்று அன்றைக்கு எழுதினேன் அல்லவா? அவள் போயிருந்தால் யார் தலையில் அம்சா?

மாசியில் வரச்சொல்லித் தம்பி கூப்பிடுகிறான். வரவேண்டும் என்றுதான் இருக்கிறது. பாப்பாவைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் உள்ளே வந்தால் அத்தைக்கும் அவள் அதைக் காட்டுவாள், இது அப்பா கை, இது அப்பா முதுகு என்று. நான் ஆற்றில் விடச் சொன்ன முதுகு.

அந்தப் போர்வை முகத்தில் நான் எப்படியடி விழிப்பேன்?

இப்படிக்கு,
ஜெகதாம்பாள்